பெயரைச் சொல்லவில்லை

நவம்பர் 3, செவ்வாய்

விடியலில் இருந்து மழை. கிளினிக் வாசலில் சாக்கு விரித்தும் சகதி. கையுறை ஒரு பெட்டிதான் பாக்கி. பெங்களூரில் இருக்கும் மகனிடம் தீபாவளிக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "சரிம்மா" என்றான், உடனே. அவ்வளவு உடனே சொல்லியிருக்க வேண்டாம்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கொரோனா பற்றிப் போனில் பேசிப் பதிவு செய்தேன். முக்கூடலில் இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தவள் சொன்னால் நாலு பேராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை. பண்டிகைக் கூட்டத்தில் போய் இடிபடாதீர்கள். சென்னையில் இருந்து பிள்ளைகள் வந்தால் வயசானவர்களோடு படுக்க விடாதீர்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே வாருங்கள். திரும்பப் போட்டுக் கேட்டால் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி. உப்பில்லை. ஓர் உதாரணம் வேண்டும் என்று தோன்றியது. அழித்துவிட்டு மறுபடி:

"நம்ம ஊர்லயே நடந்திருக்கு. துபாய்ல இருந்து பிள்ளை வந்த ஒரு ஜவுளிக்கடை வீடு. ஒருத்தர்ட்ட இருந்து வீட்டுல எல்லாத்துக்கும். அந்தக் கடை திறந்திருந்தா, தீபாவளித் துணியோட சேர்த்து எதை வீட்டுக்குக் கொண்டு போயிருப்பீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

பெயரைச் சொல்லவில்லை.

நர்ஸ் செல்வி கேட்டுவிட்டு, "புல்லரிக்கும்மா" என்றாள். அவளே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாள்.

நவம்பர் 5, வியாழன்

தூறல். சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். ஊசி அறைக் கூரை ஒழுகல், கொத்தனாருக்குப் போன். செல்விக்குத் தீபாவளிச் சேலை.

ஆடியோ எங்கெங்கோ போய்விட்டது. ஆலங்குளம், அம்பாசமுத்திரத்தில் இருந்தெல்லாம் போன். மருந்துக்கடைக்காரர், "அந்தத் துணி விஷயம் சொன்னீங்க பாருங்க, அதான் மேடம் மனசுல ஏறுச்சு" என்றார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் குரலை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மூக்கால் பேசுகிறேன் போல. இருந்தாலும் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

காய்ச்சல் என்று இன்று இரண்டே பேர். போன வாரம் வரிசை வாசல் வரை நின்றது. பேச்சு வேலை செய்கிறது. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே நானே இன்னொரு தடவை கேட்டேன்.

நவம்பர் 8, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கத்தரிக்காய், மல்லி, தேங்காய் இரண்டு. பஜாரில் நிற்க இடமில்லை. முகக்கவசமெல்லாம் தாடையில்.

மைதீன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை திறந்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் குணமாகி, தனித்திருக்க வேண்டிய நாட்களும் முடிந்து, போன மாதக் கடைசியில் திறந்தது. "இனி தாராளமா திறக்கலாம் அண்ணாச்சி" என்று சொன்னவளே நான்தான். உள்ளே ஒரு ஆள் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடுகிறது. எதிர்க்கடையில் ஒருவர் மேல் ஒருவர் ஏறாத குறை.

எனக்கு முன்னால் போன இரண்டு பெண்கள்:

"இங்கன பாப்பமா?"

"ஏட்டி, இதான் அந்தக் கடை. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கல்லா."

முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டேன். என்னைத் தெரியக் கூடாதென்று.

கிளினிக்கில் செல்வியிடம் கேட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். சொல்லத் தயக்கம். "பால்காரரு பாலை கேட்டுக்கு வெளியவே வச்சிட்டுப் போறாராம்மா. நோயை மறைச்சு வச்சிக்கிட்டு யாவாரம் பண்ணப் பாத்தாங்கன்னுல்லா ஊருல பேசுதாங்க."

மறைக்கவில்லை. மகனுக்கு இருமல் என்றதும் அன்றைக்கே எனக்குப் போன் செய்தவர் மைதீன் அண்ணாச்சி. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே தானாகக் கடையைப் பூட்டியவர். யார் யாரைத் தொட்டோம் என்று யோசித்து யோசித்துச் சொன்னவர். இந்த ஊரில் நான் பார்த்ததிலேயே ஒழுங்காக நடந்துகொண்ட வீடு. அதைத்தான் உதாரணத்துக்கு எடுத்தேன். அதுவும் தலைகீழாக.

பெயரைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்வது? துபாய்க்குப் பிள்ளையை அனுப்பிய ஜவுளிக்கடைக்காரர் இந்த ஊரில் வேறு யார்?

கோடையில் நோய் வந்த வீட்டு வாசல்களில் தகரம் அடித்தார்கள். மனுஷரை இப்படி அசிங்கப்படுத்தலாமா என்று நான் போய்ச் சண்டை போட்டேன். இப்போது

(எழுத முடியவில்லை.)

நவம்பர் 10, செவ்வாய்

காலை பத்து மணி போல ஆட்டோ. பேச்சிமுத்து தன் மனைவி இசக்கியம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கினார். பீடி சுற்றுகிறவள். சர்க்கரை உண்டு. எனக்குப் பல வருஷப் பழக்கம். மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை. உதட்டில் நீலம். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் எண்பத்தொன்று.

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றேன். பேச்சிமுத்து செல்வியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஆச்சு, ஒரு வாரம்."

"ஒரு வாரமா? ஏன் கூட்டிட்டு வரல?"

"நான் சொன்னேம்மா. அவதான் மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

நான் கோபத்தில் சத்தம் போட்டேன். வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். காய்ச்சல்னா அன்னைக்கே வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களா இல்லையா என்று.

"கேட்டோம்மா" என்றார் பேச்சிமுத்து. "அதைக் கேட்டுத்தான் பயந்துட்டா. 'டாக்டரம்மாட்ட போனா அடுத்து நம்ம வீட்டைச் சொல்லுவாங்க. பீடிக்கடையில இலையும் தூளும் தரமாட்டான், சுத்துன பீடியையும் வாங்கமாட்டான்'னா. பாய் வீடு படுதபாட்டைப் பாத்தோம்லா."

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். என்னிடம்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் வரவழைத்து, திருநெல்வேலிக்கு அனுப்பினேன். ஏற்றும்போது இசக்கியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. மூச்சு விடவே முடியாதவள்.

காய்ச்சல்காரர்கள் ஏன் குறைந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மேலே அந்தப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, புதன்

இசக்கியம்மாள் அப்படியே இருக்கிறாளாம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மத்தியானம் மைதீன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார்.

"வாங்க டாக்டரம்மா. உள்ள வரலாமா உங்களுக்கு?"

குத்தலா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. உங்க வீட்டைச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் பைய சொன்னார்:

"நீங்க பேசுனதை எங்க உம்மாதான் முதல்ல கேட்டாவ. 'நம்ம டாக்டரம்மா பேசுதாவ, சத்தமா வைலே'ன்னு மவன்ட்ட சொன்னாவ. எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டோம். ஜவுளிக்கடை வீடுன்னு வந்துச்சு பாருங்க, உம்மா எந்திச்சு உள்ள போயிட்டாவ. மவனும் அன்னையிலருந்து சரியாச் சாப்பிடல. 'நான் வந்ததுதான் தப்பு வாப்பா'ங்கான்."

"நான் இன்னொண்ணு பேசிப் போடுதேன். நீங்க எதையும் மறைக்கலன்னு தெளிவாச் சொல்லிருதேன்."

"வேண்டாம்." கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "எங்க வீட்டைப் பத்தி நல்லதா கூட இனி ஒரு வார்த்தை வேண்டாம்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"கடைக்கு வாங்க. பகல்ல. நாலு பேரு பாக்க நின்னு ஒரு சேலை எடுங்க."

"கடைவீதிக்குப் போகாதீங்கன்னு சொன்னவளே நான்தான் அண்ணாச்சி."

"கூட்டத்துக்குத்தான போவக் கூடாதுன்னீங்க" என்றார். "என் கடையில எங்க இருக்கு கூட்டம்?"

நவம்பர் 12, வியாழன்

வெயில், நல்ல வெயில். பதினோரு மணிக்கு வண்டியை பஜார் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். வேண்டுமென்றே. பார்த்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். எங்கே போகிறேன் என்று கண்கள் பின்னாலேயே வந்தன.

மைதீன் அண்ணாச்சியின் மகன் சேலைகளை எடுத்துப் போட்டான். முப்பது வயசிருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எப்படி இருக்கே தம்பி" என்றேன். "இருக்கேன்" என்றான். அவ்வளவுதான். அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன், கேட்கவில்லை. கலர் நல்லாயிருக்கு என்று ஏதோ உளறினேன்.

அண்ணாச்சி மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டாக்டரம்மா, இந்தக் கரையைப் பாருங்க! கையில எடுத்துப் பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்து எடுத்துப் பார்த்தேன். தோளில் போட்டுக்கூடப் பார்த்தேன். செல்விக்கு அரக்குக் கலரில் ஒன்று, எனக்குச் சாம்பல் கலரில் ஒன்று. இறங்கும்போது வாசலில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, பிறகு செருப்பைக் கழற்றினாள்.

நவம்பர் 13, வெள்ளி

செல்வி ஓடி வந்தாள். "அம்மா, பாய் கடையில கூட்டத்தைப் பாக்கணுமே!"

போய்ப் பார்த்தேன். நிஜம்தான். வாசலில் கயிறு கட்டி, சோப்புத் தண்ணீர் வாளி வைத்து, "அஞ்சு அஞ்சு பேரா வாங்க, அவசரப்படாதீங்க" என்று அண்ணாச்சி கத்துகிறார். கயிறு எந்த மூலைக்கு? குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூக்குக்குக் கீழே முகக்கவசத்தோடு, தள்ளுமுள்ளு.

"தள்ளி நில்லுங்க! கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" என்றேன். என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நேத்தே எடுத்துட்டுப் போயிட்டீங்க. நாங்க எடுக்கண்டாமா?"

அண்ணாச்சி தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். வேர்வை வழிகிற முகத்தில் சிரிப்பு. உள்ளே மகன் வேகவேகமாகத் துணி கிழித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. இதை நல்லதென்று சொல்லவும் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 14, சனி. தீபாவளி

மழை. நனைந்த வெடிகள், பாதி வெடித்து பாதி பிசுபிசுத்து. இட்லி, நேற்றைய சாம்பார். மகன் வீடியோவில் புதுச் சட்டையைக் காட்டினான். என் புதுச்சேலை எங்கே என்றான். எடுத்தேன், கட்டவில்லை.

இன்னொரு ஆடியோ போட்டேன். எந்த வீட்டைப் பற்றியும் இல்லை. "காய்ச்சல்னா வாங்க. யார் வந்தாங்கன்னு யார்ட்டயும் நான் சொல்ல மாட்டேன். போன தடவை பேசுனது என் தப்பு." அவ்வளவே. உதாரணம் கிடையாது.

குழுவில் அதன்மேல் விளக்குப் படங்களும் வாழ்த்துகளும் வந்து விழுந்து மூடிவிட்டன. டீக்கடை ஸ்பீக்கருக்கு இது போகாது.

நவம்பர் 18, புதன்

காய்ச்சல்காரர்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் பின்வாசல் வழியாக. மருந்துச் சீட்டில் பெயர் எழுத வேண்டாம் என்றார் ஒருவர். பின்பக்கம் ஒரு பெஞ்சு போடச் சொன்னேன். பஜார்க் கூட்டத்தில் பிடித்தவர்களா, முன்பே இருந்தவர்களா, எனக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

மத்தியானம் பேச்சிமுத்துவின் போன். இசக்கியம்மாளுக்கு ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்களாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அழுதேன். செல்வி பயந்துவிட்டாள். "அவ உங்ககிட்ட பேசணுங்கா" என்றார் பேச்சிமுத்து.

குரல் நூல் மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா, நான் இங்கன கெடந்தேன்னு யாருக்கும் தெரியாது. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன் இசக்கி."

"பொறவு எனக்கு இலை தரமாட்டாவ."

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?" என்றாள்.

அவளுடைய மூன்று பிள்ளைகளும் என் கையில் பிறந்தவை. சத்தியம் செய்தேன்.