நீங்கள் எதையும் மறைக்கவில்லை

என்னங்க,

கடலூரில் ஒரு ஆபீசரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு இப்போதுதான் சிதம்பரம் வந்து சேர்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானாம். அது நல்ல சேதி. மற்றதையும் கேளுங்கள்.

கோலாலம்பூரில் நம் பெண் வானதி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தீர்களே, அந்த ஆஸ்பத்திரிச் செலவைப் பயண இன்சூரன்ஸ் கம்பெனி தரமுடியாது என்றுவிட்டது. அவள்தான் நகையை அடகு வைத்துக் கட்டினாள். 'இரத்த அழுத்த நோய் இருந்ததைப் பயணி மறைத்துள்ளார்' என்று கடிதம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்களா மறைக்கிறவர்? ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடமே என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று ஒப்பிக்கிற மனுஷன்! உங்கள் மாத்திரைச் சீட்டை அங்கே டாக்டர் கையில் கொடுத்ததே நான்தான். அதை வைத்தே நம்மை மடக்கிவிட்டார்கள். மறைக்கிறவள் சீட்டை எடுத்து நீட்டுவாளா?

ஆனால் இன்சூரன்ஸ் பாரம் எழுதின அன்றைக்கு நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். முதுநகர் ஏஜென்ட் சேகர் பேனாவோடு உட்கார்ந்து, "மாமாவுக்கு வியாதி ஏதாச்சும் உண்டா அத்தை?" என்றான். நீங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டு, "பிரஷருக்கு..." என்று ஆரம்பித்தீர்கள். நான் பாய்ந்தேன். "பொண்ணு பிரசவத்துக்குப் பொறப்படுறோம், வியாதின்னு எழுதிக்கிட்டா போவாங்க? ஒண்ணும் இல்லன்னு போடுடா!" நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அந்தச் சொல் வாயில் வரக்கூடாது என்பது என் பயம். நீங்கள் மறுபடி காபியை எடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு மட்டும் என்னை ஏன் எதிர்த்துப் பேசவில்லை?

இன்றைக்குக் கடலூரில் அந்தக் கம்பெனி ஆபீசர் ஒரு தாளை நீட்டினார். "பாதித் தொகை தர்றோம்மா. தெரிஞ்சேதான் சொல்லாம வுட்டாருன்னு கையெழுத்துப் போடுங்க, முடிச்சிடலாம்."

"தரை ஈரமா இருந்துச்சு சார். பிரஷர் இல்லாதவன் நடந்தா வழுக்காதா?" என்றேன்.

"ரூல் அப்படிம்மா."

"போட்டுடுங்க அத்தை, வர்றது வரட்டும்" என்று கூட வந்திருந்த சேகர் காதில் ஓதினான். எனக்கும் கை துறுதுறுத்தது, பொய் சொல்லமாட்டேன். வானதியின் வெறுங்கழுத்துதான் கண்ணில் நின்றது. ஆனாலும் செத்துப்போன மனுஷன் தலையில் என் தப்பைக் கட்டிவிட்டுக் காசு வாங்குவதா? தூ!

தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்: 'என் கணவர் சொல்ல வந்தார். வாயை அடைத்தவள் நான். மறைத்தவர் என்று ஒரு பெயர் வேண்டுமானால் என் பெயரை எழுதுங்கள்.' கீழே கையெழுத்தும் போட்டேன். "இதோட பாதியும் போச்சும்மா" என்றார் அவர். போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வானதியிடம் இன்னும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்வாளோ?

அடுத்து சென்னைக்கு, குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகிறேன். பணம் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சொல்லை அவர்கள் கையாலேயே அடிக்க வைப்பேன். இது சத்தியம்.

இன்னும் அடங்காத உங்கள் மனைவி,
மங்கையர்க்கரசி