தூதன் தலையில் போட்ட சாவு

பிப்ரவரி 3, திங்கள்
சைரன் நோட்டை இந்த வாரம் முழுவதற்கும் எழுதி முடித்தேன். வெடிக்கு முன் ஊதியதாக, சனிக்கிழமை வரை, தினம் பதினொரு மணி. சைரன் கெட்டு மூன்று மாதம் ஆகிறது. மேனேஜர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். பி.காம். படித்தது கல்குவாரி ஆபீஸில் இதைச் செய்யத்தான்.

பிப்ரவரி 6, வியாழன்
எங்கள் குவாரியில் வேலை செய்யும் முனியன் செத்துவிட்டான். குழிக்குள் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தான். மறுபக்கம் வெடி வைத்தது அவனுக்குத் தெரியாது. குவாரியைப் பூட்டிவிட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு
ஜெபவீட்டில் பெஞ்சமின் பாஸ்டர் அபெத்தோனைப் பற்றிப் பேசினார். பைபிளில் பாதாளக் குழிக்கு ராஜாவான தூதன். எபிரெயத்தில் அந்தப் பெயருக்கே அழிவு என்றுதான் அர்த்தமாம்.
"முனியன் ஆராதனைக்கு வராம குடிச்சிக்கினு திரிஞ்சான். தூதன் இட்டுக்கினு பூட்டான். மனுசன் மேல குத்தம் இல்ல."
முனியன் பெண்டாட்டி புஷ்பா முன்வரிசையில் தலை குனிந்திருந்தாள். ஜெபவீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் குவாரி முதலாளி.
வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைப் படித்தேன். அங்கே முதலில் எக்காளம் ஊதுகிறது, பிறகுதான் குழி திறக்கிறது. பாதாளத்துக்கே அந்த ஒழுங்கு இருக்கிறது. எங்களுக்கு?

பிப்ரவரி 10
சைரன் கேட்டும் முனியன் போதையில் குழியை விட்டு ஏறி வரவில்லை என்று மேனேஜர் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார். புஷ்பா கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளைப் படிக்க வைப்பார்களாம். அதற்கு ஆதாரம் என் நோட்டு.

பிப்ரவரி 11
புஷ்பாவிடம் போய்ச் சொன்னேன் — சைரன் ஊதவில்லை என்று.
"தெரியுமே. நோட்டுல யாரு எழுதுனது?"
"நான்தான்க்கா."
"அப்பொ எங்கிட்ட இன்னாத்துக்கு அழுவுற? தாசில்தார்கிட்ட போயி சொல்லு."

பிப்ரவரி 12
தாசில்தார் விசாரணை. நோட்டைப் புரட்டி ஏழாம் தேதியையும் எட்டாம் தேதியையும் காட்டினேன். குவாரி பூட்டிக் கிடந்த இரண்டு நாளும் சைரன் ஊதியிருக்கிறது.
"யார் எழுத்து?"
"என்னுது சார்."
மேனேஜர் என்னைப் பார்த்தார். "உன்ன நம்பித்தானேம்மா வேல குடுத்தோம்."
புஷ்பா கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
வேலை போய்விட்டது. என் மேலும் வழக்கு வரலாம். அப்பா பேசுவதில்லை. நான் ஜெபவீட்டுக்குப் போகவில்லை. புஷ்பா போனாளாம். போய், "தூதன் மேல கேஸ் போட முடியாதுன்னுதானே அவர் பேர இழுக்குறீங்க, பாஸ்டர்?" என்று கேட்டாளாம்.

பிப்ரவரி 20
முனியன் கேஸுக்கு வக்கீலைப் பார்க்கக் காஞ்சிபுரம் போனோம். பஸ்ஸில் புஷ்பா என் பக்கத்தில் உட்காரவில்லை, முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "ரெண்டு காஞ்சிபுரம்" என்றாள்.