கவிழ்த்து வைத்த போன்

மார்ச் 4, செவ்வாய். மாலை 7.10.

ஆறாவது நாள், ஆறாவது முறை. முழுதாக அடித்து ஓய்ந்தது. அப்பா எடுக்கவில்லை.

ஆறரைக்கு லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது அவரிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு இருந்தது. காலை 10.40. நேற்றும் அதே நேரம்தான். நாங்கள் தயாரிக்கும் புதுப் போன் மாடல் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று ஒன்பது மணியிலிருந்து ஆறரை வரை எங்கள் சொந்தப் போன்களை லேபுக்கு வெளியே பூட்டி வைத்துவிடுவார்கள். இது அவருக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியாகிவிட்டது. எடுக்க மாட்டான் என்று தெரிந்த நேரத்தில் அடிப்பது, எடுக்க முடிந்த நேரத்தில் நான் அடித்தால் எடுக்காமல் விடுவது — இதற்குக் கோபம் என்று பெயர் இல்லாவிட்டால் வேறு என்ன பெயர்?

காரணமும் எனக்குத் தெரியும். போன மாதம் காது மிஷின் வாங்கிக் கொடுத்தபோது, "இனிமேலாவது என்னைக் கத்த வைக்காதீங்கப்பா" என்றேன். அவர் சிரித்தார். நானும் அதைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

எங்கள் குழுத் தலைவரான மேடம் இன்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு போன் தன் முதுகில் வைக்கும் இன்னொரு சாதனத்துக்குக் கம்பி இல்லாமல் சார்ஜ் கொடுக்கிறது அல்லவா, அந்த வசதி அடுத்த மாடலில் வேண்டுமா, வேண்டாமா? அளந்து பார்த்து ஒரு பக்கத்தில் தீர்ப்புச் சொல்வது என் பொறுப்பு. பதினெட்டாம் தேதி கெடு.

யோசிக்க என்ன இருக்கிறது? பத்து பங்கு கொடுத்தால் நாலு பங்கு போய்ச் சேர்கிறது. மீதி சூடு. கொடுக்கிற போனைக் கவிழ்த்துப் போட வேண்டும். விரல் அகலம் நகர்ந்தால் போதும், தொடர்பு அறுந்துவிடும். சுவரில் மின்சாரம் இருக்கிறது, கடையில் கேபிள் கிடைக்கிறது. இது எதற்கு? விளம்பரத்தில் இரண்டு பேர் பல்லைக் காட்டுவதற்கு.

பக்கத்து மேஜைக்காரன் — எது உடைந்தாலும் டேப் ஒட்டியே சமாளிப்பான் என்பதால் அவன் பெயரே டேப் — நான் அளப்பதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முதுகோட முதுகு ஒட்டி, ஒரு மணி நேரம் அசையாம, பேசாம. கல்யாணம் ஆனவங்களே அப்படி இருக்கிறதில்லடா."

அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சொல்லலாம்.

மார்ச் 7, வெள்ளி

ஒன்பது முறை. நேற்று அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன்: "சாயங்காலம் போனை எடுங்க." இன்று காலை பதில் வந்தது. கட்டைவிரல் படம். இன்று மாலையும் எடுக்கவில்லை. கட்டைவிரலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அறையில் இன்று சோதனை. லேபிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கி வந்த பழைய மாடல்கள் இரண்டையும் கட்டிலில் அடுக்கி வைத்தேன். இரண்டு பேர் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்க்க வேண்டிய சோதனை. இரண்டு பேராகவும் நானே இருந்தேன். ஒரு போனில் படம் பார்ப்பது போல நடித்து, இன்னொன்றைக் கேட்பது போல நடித்து — சே. பாதியில் விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சூட்டுச் சோதனைக்காக ஞாயிறும் லேப். போன் லாக்கரில். மூன்று தவறிய அழைப்புகள், எல்லாம் அப்பா. ஏழு மணிக்கு அடித்தேன். வழக்கம்போல.

அம்மா இருந்திருந்தால் இடையில் நின்று இரண்டு பேரையும் திட்டியிருப்பாள். மூன்று வருடமாக அந்த இடம் காலி. அப்பா அந்த வீட்டில் ஒருவராக இருக்கிறார், நான் இந்த அறையில் ஒருவனாக இருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

பொது இடத்திலும் முயன்று பாருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். பஸ்ஸில் எதிர் இருக்கைப் பெண், சார்ஜர் இருக்கிறதா என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டாள். இரண்டு சதவீதம்தானாம். என் போனைக் கவிழ்த்து நீட்டி, உங்களுடையதை இதன் மேல் வையுங்கள், ஏறும் என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்லங்க" என்று சொல்லி, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

குறிப்பு: முன்பின் தெரியாதவர்களிடையே பயன்பாடு, பூஜ்யம். அறிக்கைக்கு உதவும்.

மார்ச் 13, வியாழன்

தீர்ப்பு எழுதி முடித்தேன். ஒரே வார்த்தை: நீக்குக.

மார்ச் 14, வெள்ளி

நாளை அரை நாள்தான் வேலை. நேரில் போய்க் கேட்டுவிடுவது. கோபம் என்றால் கோபம் என்று வாயைத் திறந்து சொல்லட்டும்.

மார்ச் 16, ஞாயிறு. திரும்பும் பஸ்ஸில்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டு வாசலில் நின்றேன். மணி அடித்தேன். தட்டினேன். உள்ளே விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை. பக்கவாட்டில் போய்ச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா மேஜை முன் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் வைத்துவிட்டுக் காத்திருப்பவர் மாதிரி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்து அவருக்கு அடித்தேன். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற எனக்குச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் அசையவில்லை.

மேஜை மேல் அவருடைய போன் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில், காது மிஷினை உள்ளே வைத்துச் சார்ஜ் ஏற்றும் பெட்டி. என் அழைப்புக்குப் போன் அதிர, பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்பைத் தாண்டிச் சரிந்தது. அப்பா அதை இரண்டு விரலால் எடுத்து, நடுவாகப் பார்த்து, பழையபடி வைத்தார். மறுபடி நகர்ந்தது. மறுபடி வைத்தார். மணி ஓயும் வரை.

காதுகள் இரண்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. திரை மேஜையைப் பார்த்துக் கிடந்தது. பதினேழு நாளாக நான் அடித்ததெல்லாம் அவருக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன். நிழல் ஆடியதில் திரும்பினார். மிஷினை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"வந்துட்டியா, நல்லதாப் போச்சு. இந்தப் போன்ல ஒரு கோளாறு இருக்குடா. சாயங்காலம் ஏழு மணியானா நடுங்குது. பெட்டியைத் தள்ளித் தள்ளி விடுது. அதான் காவலுக்கு உட்கார்ந்திருக்கேன்."

"தினமுமா?"

"தினமும். நீ இன்ஜினியர்தானே, பாரேன்."

கேபிளில் போட்டால் என்ன என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் குட்டி ஓட்டைக்கும் தன் கைக்கும் ஒத்துவரவில்லை, கேபிளைத் தூக்கிப் போட்டாகிவிட்டது என்றார். போன் முதுகில் வைத்தாலும் ஏறும் என்று நான் போன மாதம் போகிற போக்கில் காட்டிவிட்டுப் போனதைப் பிடித்துக்கொண்டாராம். காலை வேலையெல்லாம் முடித்து, மிஷினை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தால் என் அழைப்பு இருக்கும், உடனே திருப்பி அடிப்பாராம்.

"லேப்ல இருப்பேன்னு தெரியும்லப்பா?"

"தெரியும். ஆனா அப்பதான் இதுல சார்ஜ் நிறைய இருக்கு. நீ பேசுறது சுத்தமாக் கேக்கும். ஒரு நாளாவது வெளியே வருவேன்னு அடிச்சுப் பார்க்கிறது."

ஏழு மணிக்கு நடுங்கியது என்னால்தான் என்று சொன்னேன். அவர் போனை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்து, கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ போன் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இருபது நிமிடம் பேசியிருப்போம். பாதி ஏறிய மிஷின் கீச்சிட்டு அடங்கிவிட்டது. கழற்றிப் பெட்டியில் வைத்தார். என் போனை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, பெட்டியை அதன் மேல் வைத்தேன். பத்துக்கு நாலு. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இன்று கிளம்பும்போது, இதற்கென்றே சார்ஜ் தட்டு விற்கிறார்கள், வாங்கி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாமாம். இதோடு உட்கார்ந்தால் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் போகிறதாம்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று முழுவதும் தீர்ப்பைத் திருத்தினேன். எண்கள் மாறவில்லை. மாறாது. போனுக்குப் போன் கொடுப்பது வீண், அதில் நான் பின்வாங்கவில்லை. ஆனால் சின்னச் சாதனங்களுக்கு இருக்கட்டும், கேபிளைச் சொருக முடியாத கைகள் இருக்கின்றன என்று எழுதினேன்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "எத்தனை பேர்?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்."

"யாரு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தரை வச்சு மேலிடத்துல எப்படிப்பா பேசுறது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

ஏழு மணிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இன்று அது பரவாயில்லை. நேற்றைய அழைப்புக்கு இன்று காலையில் கட்டைவிரல் வந்திருந்தது. இப்போது அதைப் படிக்கத் தெரிகிறது: ஏழு மணிக்குக் கையைப் போன் மேல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், என் அழைப்பின் நடுக்கம் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

முடிவு வந்துவிட்டது. அடுத்த மாடலில் அந்த வசதி இல்லை. அதற்கான கம்பிச்சுருளை எடுத்துவிட்டால் போன் அரை மில்லிமீட்டர் மெலியுமாம். மேடம் என் பத்தியை வெட்டாமல்தான் அனுப்பியிருக்கிறார். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏற்கெனவே விற்ற போன்களுக்கு ஒரு அப்டேட் போகிறது. சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் போன் இனி அதிராது. வைத்த பொருள் சரிகிறது என்று நிறைய பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். யோசனை டேப்புடையது. "உங்கப்பா பெட்டி இனிமே நகரவே நகராதுடா" என்று எனக்கே நல்ல செய்தியாக வந்து சொன்னான். நல்லவன். சரியான வேலைதான் செய்திருக்கிறான். நன்றி என்றேன்.

செய்ய வேண்டியவை:

1. சனிக்கிழமை போய், அப்பா போனில் அப்டேட் தானாக ஏறுவதை நிறுத்த வேண்டும். அதற்குள் ஏறிவிடாமல் இன்றே அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அப்பா போனில் இணையத்தை அணைத்து வைக்க வேண்டும்.

2. தினமும் 10.40-க்குப் பத்து நிமிடம் லாக்கர் வரை போய்வர மேடத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் போக வேண்டும்.

3. இங்கே வந்து ஒரு வாரம் தங்கச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்பார். ஏப்ரலில் மறுபடி கேட்க வேண்டும்.

4. ஏழு மணிக்கு அடிக்க வேண்டும். அவர் எடுக்க மாட்டார். எடுக்க வேண்டியதில்லை.