குறிப்பேட்டில் இரண்டு பேர்

அன்புள்ள சிக்ருனுக்கு,

முட்டி வீக்கம் வடிந்ததா? மாடிப்படி ஏறாதே. நான் நலம். இந்த மலை விடுதியில் சமைப்பதை நானே தின்று இரண்டு கிலோ கூடிவிட்டேன்.

ஒரு சேதி, சிரிப்பதற்குத்தான். ஞாயிறு பகலில் எனக்கு விடுமுறை. மேலே உள்ள ஆளில்லாக் குடில்வரை நடந்து, வருவோர் பெயரும் எத்தனை பேர் என்றும் பதியும் குறிப்பேட்டில் வழக்கம்போல எழுதிவிட்டு இறங்கினேன். ஜூன் பிறந்தும் பனி போகவில்லை. காலையில் என் எடையைத் தாங்கிய பனி மதியம் இளகி, ஓடைப் பக்கம் என்னை இடுப்புவரை விழுங்கியது. பூட்ஸைத் தோண்டி எடுக்கவே அரைமணி.

விடுதிக்கு வந்து சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அதே வழியில் வந்த இருவர் பதறிக்கொண்டு நுழைந்தார்கள். குறிப்பேட்டில் இரண்டு பேர் என்றிருக்க, பனியில் ஒரே ஆள் காலடிதான் கண்டார்களாம். விடுதியை நடத்தும் குன்வோர் கயிறும் மண்வெட்டியுமாக என்னிடம் ஓடிவந்தாள்.

“யோவ் ஐவின்ட், கூட வந்த ஆள் எங்கேய்யா?”

“யாரும் வரலையே!”

“ரெண்டு பேருன்னு நீதானே எழுதியிருக்கே?”

அப்போதுதான் உறைத்தது. இருபத்தாறு வருடம் உன்னோடு நடந்த பழக்கம், சிக்ருன். கை தானாக எழுதியிருக்கிறது.

“அவ பெர்கன்ல, வீட்டுல முட்டியில கட்டோட உக்காந்திருக்கா” என்றேன்.

குன்வோர் கயிற்றை என்மேல் எறிந்தாள். “அப்ப அவ பங்குக்கும் நீயே பாத்திரம் கழுவு!”

கழுவினேன்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. உன் பூட்ஸுக்கு மெழுகு தடவி வை. குறிப்பேட்டைத் திருத்திவிட்டு வா என்று குன்வோர் விரட்டுகிறாள். பனி கரையட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் உன் முட்டி சரியாகிவிடாதா?

சூப் பொங்குகிறது.

உன்
ஐவின்ட்