என் பேருக்கு அர்த்தம்

அக்டோபர் 4, ராத்திரி

இன்னிக்கு என் பேர்கொண்ட புனிதரோட திருநாள். பூசை முடிஞ்சு வர்றப்ப, எப்பவும்போல முத்தியால்பேட்டை பேக்கரியில சின்ன கேக் ஒண்ணு வாங்கினேன். சாயங்காலம் பாரிஸிலிருந்து மகன் ஜெரோம் வீடியோ கால் போட்டான். அவன் பிரெஞ்சுல திருநாள் வாழ்த்து சொன்னதும், பேத்தி லியா போனைப் பிடுங்கிக்கிட்டா.

"தாத்தா, பிரான்சிஸ்னா பிரெஞ்சுக்காரர்னு அர்த்தமாம்! புக்ல படிச்சேன்."

இத்தாலியில அசிசிங்கிற ஊர்ல பொறந்த அந்தப் புனிதருக்கு முதல்ல யோவான்னுதான் ஞானஸ்நானம் கொடுத்தாங்களாம். துணி வியாபாரத்துக்காக பிரான்சுக்குப் போயிருந்த அப்பா, வீட்டுக்குத் திரும்பி வந்து பிரான்சிஸ்னு பேரை மாத்திட்டாராம்.

"அப்ப நீங்களும் எங்க ஊர்தான் தாத்தா!"

பிரான்சுக்குப் போக எனக்கு ரெண்டு தடவை விசா இல்லைன்னுட்டது அவளுக்குத் தெரியாது. சிரிச்சு வச்சேன். கேக்கை வெட்டி ஒரு துண்டை போனுக்கு நேரா நீட்டினேன். அவளும் வாயைத் திறந்தா.

அந்த அப்பா திரும்பி வந்தாரு. மனசு அதையே சுத்திச் சுத்தி வருது. ஜெரோம் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. "எப்படா வருவே?"ன்னு கேட்க வாயெடுத்தேன். அதுக்குள்ள, "வேலை இருக்குப்பா, வச்சிடறேன்"ன்னான்.

அவளுக்கு நீட்டின துண்டு தட்டுல அப்படியே இருக்கு. எறும்பு வந்துடுச்சு. விரட்டல. யாராவது சாப்பிடட்டும்.