ஒற்றைப் புள்ளடி

அத்தான்,

போன ஞாயிறு அக்காவுக்கு உதவியாகப் பின்வளவுக் கொட்டிலைத் துப்புரவாக்கப் போனேன். புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால், குப்பைப் பையால் சுற்றிக் கட்டியபடி உங்களுடைய மடக்குக் கதிரை இருந்தது. பையை அவிழ்த்ததும் நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலம் மணந்தது. நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. இந்த மணம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அக்கா கொட்டில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அது கவுன்சிலர் கதிரை. எறிஞ்சு போடாதை" என்றாள்.

அந்தக் கதிரையில் நீங்கள் எனக்காக இருந்தது ஒரே ஒரு நாள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாத வியாழக்கிழமை. நான் முதல்முறை கவுன்சில் தேர்தலில் நின்றேன். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். வாக்குச்சீட்டில் ஒருவர் மூன்று பெயருக்கு நேரே வரை புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போடலாம். எங்கள் கட்சிக்கு ஒரு பஸ் டிரைவர், டோரீன், நான் என்று மூன்று பேர். டோரீனைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பூஞ்சணம் பிடித்த அந்தப் பழைய பிளாட்டில் உங்கள் சின்னவளுக்கு மூச்சு முட்டு வந்து, நீங்கள் கவுன்சில் வாசலில் கிடந்து அலைந்த நாட்களில், தானே வந்து ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்து, கத்திக் குளறி, அக்கா இப்போதும் இருக்கும் வீட்டை எடுத்துத் தந்த வெள்ளைக்கார மனுசி. என்னைக் கட்சிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்கவேண்டும் என்று பழக்கியவரும் அவர்தான்.

அன்று நீங்கள் ஹீத்ரோவில் இரவு ஷிப்ட் முடித்து, கண்ணும் மூடாமல் வந்து, வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூட வாசலில் கதிரையை விரித்தீர்கள். தலையில் காதை மூடும் மங்கி கப் தொப்பி, அதற்கு மேல் அக்காவின் பூப்போட்ட குடை. மழை விடவேயில்லை. எங்கட சனம் யார் வந்தாலும் எழும்பிக் கும்பிட்டு, குனிந்து ஏதோ சொல்லி அனுப்பினீர்கள். நான் வந்து பார்த்தபோது, "நீ போ மச்சான், இஞ்ச நான் பாக்கிறன்" என்றீர்கள். என்ன சொல்லி அனுப்புகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அது மறுநாள் காலை வாக்கெண்ணும் மண்டபத்தில் தெரிந்தது. மூவருக்கும் சேர்த்துப் போட்ட சீட்டுகளை ஒரு பக்கம் எடுத்துவிட்டு, மற்றவற்றைத் தனியாக அடுக்கினார்கள். அதில் ஒன்றன்பின் ஒன்றாக, என் பெயருக்கு நேரே மட்டும் ஒற்றைப் புள்ளடி. எங்கள் மற்ற இருவரின் கட்டமும் வெறுமை. டோரீன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். என் காது இரண்டும் சுட்டன. எனக்கு இது தெரியாது என்று முணுமுணுத்தேன். அவர் மேசையின் மறுகோடியில் இருந்த இன்னொரு சின்ன அடுக்கைக் காட்டினார். அதில் அவருக்கும் பஸ் டிரைவருக்கும் போட்டிருந்தார்கள்; என் தமிழ்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டியிருந்தார்கள்.

"அதையும் பார்" என்றார்.

நான் வென்றேன். பஸ் டிரைவர் தப்பினார். டோரீன் மறுகட்சிக்காரர் ஒருவரிடம் சொற்ப வாக்கில் தோற்றுப்போனார்.

அந்த ஞாயிறு அக்கா வெற்றிக்கென்று சமைத்தாள். டோரீன் பூங்கொத்தோடு வந்தார். அது எனக்கல்ல, நாள் முழுக்க மழைக்குள் இருந்த உங்களுக்கு. நீங்கள் கண்கலங்கிப் போனீர்கள். "மிஸ், ஐ டோல்ட் எவ்ரிபடி. ஒன்லி வன் கிராஸ்" என்று ஒரு விரலை நீட்டிக் காட்டினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்:

"அவவுக்கு வெள்ளையள் போடுவினம்தானே. உனக்கு ஆர் இருக்கினம்? அதுதான் எங்கட ஆக்களுக்கு ஒண்டு போதும் எண்டனான். ஆனாப் பார் மச்சான், அந்த நன்றி கெட்ட வெள்ளைச் சனம் அவவைக் கைவிட்டிட்டுதுகள்."

என்ன சொல்கிறார் என்று டோரீன் என்னைக் கேட்டார். அவர் தோற்றதற்கு நீங்கள் கவலைப்படுவதாகச் சொன்னேன். அது பொய்யுமில்லை. அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக வேலை செய்தீர்கள் என்றார். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். அவர் எடுத்துத் தந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவர் தோற்றது உங்கள் வேலையால்தான் என்று உங்களுக்கு நான் எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்றே அடுத்த தேர்தலும் வந்துவிட்டது.

டோரீன் அந்தமுறை நிற்கவில்லை. நீங்கள் கதிரையைக் கழுவிக் காயவைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தீர்கள். மறுபடியும் ஒரு விரலை நீட்டிவிடுவீர்களோ என்று எனக்குப் பயம்.

"அத்தான், உங்களுக்கு முழங்கால் ஏலாது. குளிருக்குள்ள இருக்க வேண்டாம். கட்சிப் பெடியள் நிப்பினம்" என்றேன்.

"ஓம், ஓம். நீ சொன்னாச் சரி" என்றீர்கள்.

அந்தத் தேர்தலன்று நீங்கள் வாக்குப் போட வந்த கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கோட்டும் டையும். மங்கி கப் இல்லாமல் நனைந்த தலை. என்னோடு நின்றவர்களுக்கு ஒரு 'குட் மோர்னிங்' சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டீர்கள். ஏன் இப்படி வந்தீர்கள் என்று நான் யோசிக்கவேயில்லை.

போன ஞாயிறு அக்கா சொன்னாள். "'மச்சானுக்கு என்னால வெக்கம்' எண்டு அவர் அண்டைக்கே சொன்னவர். 'என்ர இங்கிலீசும் தொப்பியும் வெள்ளையளுக்கு முன்னால அவனுக்கு ஒரு மாதிரிக் கிடக்குதாக்கும்' எண்டவர். பிறகு உன்ர கூட்டம் ஒண்டுக்கும் அவர் வரேல்லைத்தானே."

கதிரையைக் கையில் வைத்துக்கொண்டே டோரீன் கதையை முழுக்க அக்காவுக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப தொப்பிக்காக இல்லையே?" என்றாள்.

இல்லை என்று உடனே சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் தேர்தல் அன்று பின்னேரம், கட்சியின் பெரிய ஆள் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் காரால் இறங்கினார். நீங்கள் பூக்குடையோடு எழும்பி, இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டீர்கள். அவர் "யாரிது?" என்பது போல என்னைப் பார்த்தார். நான் மற்றப் பக்கம் திரும்பி யாரோடோ கதைத்தேன். நீங்கள் அதைக் கண்டீர்களா, அத்தான்? கண்டிருப்பீர்கள்.

அக்காவிடம் கதிரையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

கவுன்சிலை விட்டுக் கனகாலம். ஆனாலும் தேர்தல் வந்தால் போய்ப் போடுகிறேன். முதல் புள்ளடியைப் போட்டதும் கை ஒருமுறை நிற்கும். உங்கள் விரல் தெரியும். பிறகு மற்ற இரண்டையும் போட்டுவிட்டு வெளியே வருவேன். வாசலில் நின்று, அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.