சத்தமில்லாத டேப்பட்

தியாகதுருகம்,
புரட்டாசி, 1987.

நாக்பூர் ரயில்களெல்லாம் தம் விரலசைவுக்குக் காத்து நிற்கும் மாப்பிள்ளை இளவரசன் அவர்களுக்கு, இந்த ஊர் மலைக்கோட்டையை என்றாவது ஒருநாள் கைப்பற்றியே தீருவது என்றிருக்கும், மணிமொழியின் தாய்மாமன் காசிநாதன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உங்கள் அத்தை ஆயம்மாளின் முழங்கால் மட்டும் நலமில்லை. அது எங்கள் கல்யாணத்திலிருந்தே நலமில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு கட்டளைகள். வீட்டில் நிற்கும் புல்லட்டை விற்றுவிட வேண்டும். மணிமொழியை மலை நர்ஸ் வேலையை விடச் சொல்லி நாக்பூருக்கு ரயிலேற்ற வேண்டும். "சொன்னால் கேட்டுக்கொள்வாள், இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் நான் செய்யவில்லை. ஏன் என்று சொல்லி முடிக்கும்வரை கோபத்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கம் நடந்த சாலை மறியலைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். படித்தது கால்வாசி. இங்கிருந்து கள்ளக்குறிச்சி வரை நின்றபடி ஒரு புளியமரம் கிடையாது, எல்லாவற்றையும் வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டார்கள். காக்கைகள் உட்கார இடமில்லாமல் ஆந்திராவுக்குக் குடிபோய்விட்டன. பஸ்ஸும் இல்லை. லீவில் வந்திருந்த மணிமொழி மலைக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டாள். வெள்ளிமலைக்கு மேலே பச்சையம்மாள் என்ற பெண்ணுக்கு அந்த வாரம்தான் பிரசவக் கெடு. போன தடவை பிள்ளை குறுக்கே கிடந்து இறந்துபோனதாம். "நான் போவாம வலி வந்துட்டா அவ பொழைக்க மாட்டா மாமா" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

இருந்தது உங்கள் புல்லட் ஒன்று. அதை உதைத்தால் கால் சேற்றில் இறங்குவது மாதிரி கீழே போனது. கம்ப்ரஷன் இல்லை, உள்ளே காற்று அழுந்தி நிற்காமல் கசிந்தது. மெக்கானிக் கடையெல்லாம் மூடல். என் மருமகள் புடவையை இழுத்துச் செருகினாள், வேப்பமரத்தடியில் சாக்கை விரித்தாள், டேங்கைக் கழற்றினாள், எஞ்சினின் தலையையே கழற்றிவிட்டாள்! பொங்கலுக்குப் பொங்கல் நீங்கள் பிரித்தபோது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாளே, கை கொடுத்த நேரமெல்லாம் கண்ணும் வேலை செய்திருக்கிறது.

வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் புஜபலம் தாங்காமல் ஸ்பிரிங் துள்ளி எதிர்வீட்டுக் கூரையில் போய் விழுந்தது. அவர்கள் கோழி அன்றோடு முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது.

எஞ்சினுக்குக் கதவு மாதிரி திறந்து மூடும் வால்வு இரண்டும் வெளியே வந்தன. புகை போகும் பக்கத்து வால்வைச் சாம்பல் போட்டுத் தேய்த்து நான் வெள்ளிக் கிண்ணம்போல் ஆக்கிவிட்டேன். "இது இன்னும் நாலு யுகம் உழைக்கும்" என்று தீர்ப்பும் சொன்னேன். அவள் வாங்கி, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். ஓரிடத்தில் நகம் மாட்டியது. "பளபளப்ப பாக்காதீங்க மாமா. நகத்த வச்சிப் பாருங்க. இங்க எரிஞ்சி ஓட்ட வுழுந்துகினு இருக்குது. எரிஞ்சது தேச்சா முளைக்குமா?" என்றாள். பாதி மலையில் இந்த வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் போகும், வண்டியும் போகும், நாமும் நடுக்காட்டில் என்றாள். அதைத் தூர வைத்தாள்.

பெட்ரோல் உள்ளே போகும் பக்கத்து வால்வு நன்றாக இருந்தது, அதை வைத்துக்கொண்டாள். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலில் தண்டை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். லேசாக ஆடியது. "ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்திதான். பொகை வரும். ஆனா மல ஏறிடும்" என்றாள். எதை எறிவது, எதை நம்புவது என்று அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்து அவள் சொன்ன தீர்ப்பைக் கேட்டிருந்தால் ஐகோர்ட்டில் பாதிப் பேர் ராஜினாமா செய்திருப்பார்கள்.

புது வால்வுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கரீம் பாயிடம் போனேன். கடை மூடியிருக்கிறதே என்று இழுத்தேன். "கடைதாங்க மூடியிருக்குது, வூடு தொறந்துதான இருக்குது" என்று உள்ளே போய் வால்வும் தேய்க்கிற பசையும் கொண்டுவந்தார். வால்வு தன் இடத்தில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டுமென்று பசை தடவி, தண்டில் ரப்பர் குழாயைச் செருகி, தயிர் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி உருட்டித் தேய்த்தாள். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு வளையம், எங்கும் அறுபடாமல் விழுந்தது. மேலே பெட்ரோல் ஊற்றிவிட்டு எனக்கு டீ கொடுத்தாள். நான் குடித்து முடித்தும் அடியில் ஒரு சொட்டு கசியவில்லை.

கடைசியில்தான் மாப்பிள்ளை, விஷயம். வால்வு ஏன் எரிந்தது என்று கேட்டேன். பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டாளாம். வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட் ராடு, இரண்டு விரலால் திருப்பினால் லேசாகச் சுழல வேண்டுமாம். அந்தப் பக்கத்து ராடு அசையவே இல்லையாம். வால்வு முழுசாக மூட இடமில்லாமல், சந்தில் நெருப்புப் புகுந்து ஓரத்தைத் தின்றிருக்கிறது. "டிக் டிக்குனு சத்தம் கேட்டா அவருக்குப் புடிக்காது மாமா. இறுக்கி வச்சிட்டுப் போய்ட்டாரு. வண்டியும் சத்தமே இல்லாம ஓடிச்சி. நல்லாதான் ஓடுதுன்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தோம்" என்றாள். சொல்லிவிட்டு அந்த ராடையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் மாட்டி, டேப்பட் ராடு சுழலும் அளவுக்குத் தளர்த்தி வைத்து, அவள் ஓட்ட நான் பின்சீட்டில் உட்காரப் புறப்பட்டோம். மறியல்காரர்கள் மரத்துக்கு மரம் நிறுத்தினார்கள். கொளஞ்சியப்பன் என்பவர்தான் அங்கே தலைவர். பிரசவம் என்று அவள் சொன்னதும், "யோவ் பெருசு, நீ எறங்கி நட. நர்ஸம்மா, நீங்க உக்காந்துகினே வாங்க" என்றார். ஆறு பேர் அவளையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கிப் புளியமரத்தைத் தாண்டி வைத்தார்கள். திருவிழாவில் சாமிகூட அப்படிப் போனதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது பின்னால் நீலப்புகை. புல்லட் டிக் டிக்கென்று பேசிக்கொண்டே போனது. "சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா" என்றேன். "கேட்டா கேக்கட்டும் மாமா" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிட்டோம். இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடந்தது. வெளியிலிருந்தே வயிற்றைத் தடவித் திருப்பிவிட்டாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பச்சையம்மாளின் மாமியார் கொடுத்த தேனில் பாதி உங்களுக்கு என்று எடுத்து வைத்தேன். அது எப்படியோ குறைந்துகொண்டே வருகிறது.

எரிந்த வால்வைத் துணியில் சுற்றி இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அவளும் உங்களுக்குத் தனியாக எழுதப் போகிறாளாம். அந்தக் கடிதத்தில் கொஞ்சம் சத்தம் கேட்கும். கேட்கட்டும் மாப்பிள்ளை. தீபாவளிக்கு வாங்க. பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை அவளோடு மலைக்குப் போய் வாங்க. அப்புறமும் விற்கத்தான் வேண்டுமென்றால் நானே விற்றுத் தருகிறேன்.

நேற்று ரிஷிவந்தியம் போய் உங்கள் இருவர் பேருக்கும் அர்ச்சனை செய்தேன். ஒரே உடம்பில் இருந்தும், அர்த்தநாரீஸ்வரர் ஆளுக்குப் பாதி இடம் விட்டுத்தான் நிற்கிறார். அவர் உங்களைக் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
காசிநாதன்